தாமிரபரணிப் படுகையில் காப்பு வால்வு: பாபநாசம் முதல் பேட்டை வரை ஒரு தொழில்நுட்ப வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கொதிகலனில் அழுத்தம் அளவு மீறும்போது தானே திறந்து நீராவியை வெளியேற்றும் கருவி காப்பு வால்வு. தாமிரபரணிப் படுகையின் தொழில் வரலாறு பெரும்பாலும் ஆலை முதலாளிகள், தொழிலாளர் போராட்டங்கள் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதே வரலாற்றைக் காப்பு வால்வின் வழியாகவும், அதைச் சோதித்துப் பழுது நீக்கும் மேசையின் வழியாகவும் அணுகுகிறது. மின்சாரம் வந்த பின்னர் இப்பகுதியில் நீராவி மறையவில்லை. அது பேராலைகளை விட்டுச் சிற்றாலைகளுக்கு இடம்பெயர்ந்தது. அந்த இடப்பெயர்ச்சி வால்வின் மீது விழும் சுமையையும் அதைக் காக்கும் பொறுப்பையும் மாற்றியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: காப்பு வால்வு, கொதிகலன் சட்டம், சோதனை மேசை, அரிசி ஆலை, பேட்டை, தாமிரபரணி

முன்னுரை

தமிழகக் கல்லூரிகளில் வரலாறு பயிலும் மாணவர் எவரும் ‘சேஃப்டி வால்வு’ என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். இந்திய தேசிய காங்கிரஸ் மக்களின் கொதிப்பைத் தணிக்க ஆங்கிலேயர் பொருத்திய காப்பு வால்வே என்னும் வாதத்தை லாலா லஜபதிராய் 1916இல் வெளிவந்த ‘யங் இந்தியா’வில் முன்வைத்தார். அவ்வாதம் இன்றும் தேர்வு வினாவாகத் தொடர்கிறது. ஆயினும் உவமைக்கு மூலமான பொருளை வரலாற்று வகுப்பறை கண்டதில்லை. அது எவ்வாறு திறக்கும், எப்போது திறவாமற்போகும், திறவாததை யார் எவ்வாறு கண்டறிவர் என்னும் வினாக்கள் பொறியியல் துறையினருக்கு உரியவை என விடப்பட்டுவிட்டன.

இப்படி விட்டுவிடுவது சரியன்று என்பதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம். லஜபதிராயின் உவமை ஒரு பிழையான படிமத்தின் மீது நிற்கிறது. அவ்வுவமையில் வால்வு தன் கடமையில் தவறாத கருவி. உண்மையான வால்வு அப்படிப்பட்டதன்று. ஆண்டு முழுவதும் அசையாது மூடிக் கிடந்து, தேவைப்படும் ஒரு நொடியில் மட்டும் திறக்க வேண்டிய கருவி அது. இயங்காத நாளெல்லாம் அது நல்ல நிலையில் இருக்கிறதா, சிக்கிக் கிடக்கிறதா என்பதைப் புறத்தோற்றத்தால் அறிய இயலாது. எனவே காப்பு வால்வின் வரலாறு என்பது பெருமளவுக்கு அதைச் சோதித்தோரின் வரலாறே.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. பட்டறைகளில் வழங்குவது ‘சேஃப்டி வால்வு’. ‘வால்வு’ என்பதற்கு ‘ஓரதர்’ என்னும் கலைச்சொல் உண்டு. ஒருவழி என்னும் பொருளை முன்னிறுத்தும் அச்சொல் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுக்குப் பொருந்தலாம். அழுத்தம் தணிக்கும் கருவிக்கு அது ஒட்டவில்லை. ஆதலால் இங்கு ‘காப்பு வால்வு’ என்றே ஆளப்படுகிறது.

எடையிலிருந்து சுருள்வில்லுக்கு

பிரெஞ்சு நாட்டவரான டெனிஸ் பாப்பின் 1679இல் லண்டனில் உருவாக்கிய செரிகலன், எலும்பையும் மென்மையாக்கும் மூடிய சமையற்கலம். அதன் மூடியில் இருந்த துளையை ஒரு நெம்புகோலும் எடையும் அழுத்திப் பிடித்தன. நம் வீட்டுச் சமையலறையில் குக்கரின் மீது ‘விசில்’ என வழங்கும் எடைக்குண்டு அவ்வழியில் வந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொதிகலன்களிலும் நெம்புகோல் வகை நெடுங்காலம் நிலைத்தது.

நெம்புகோல் வகையின் சிறப்பும் குறையும் ஒரு சிறு கணக்கில் விளங்கும். வால்வின் விட்டம் 3 அங்குலம் எனில் அதன் பரப்பு ஏறத்தாழ 7 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் அது திறக்க வேண்டுமானால், அதை அழுத்திப் பிடிக்கச் சற்றேறக்குறைய 424 பவுண்டு விசை வேண்டும். நெம்புகோலின் நீளத்தால் விசை பத்து மடங்காகிறது எனக் கொண்டால், முனையில் 42 பவுண்டு எடை தொங்கினால் போதும். நெம்புகோலின் சொந்த எடையை இங்குக் கணக்கில் கொள்ளவில்லை. இப்போது எவரேனும் 10 பவுண்டுக் கல் ஒன்றைக் கூடுதலாகக் கட்டித் தொங்கவிட்டால், திறக்கும் அழுத்தம் 74 பவுண்டுக்கு ஏறிவிடும். ஒரு கல்லும் ஒரு முழக் கயிறும் போதும், கொதிகலன் தாங்கும் எல்லையைக் கடக்க. ஆனால் அந்தக் கல்லை வருவோர் போவோர் அனைவரும் காணலாம்.

இரயில் எஞ்சின்களில் இவ்வாறு வால்வைக் கட்டிவைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பெருந்தொல்லையாக இருந்தது. மேட்டுப்பாதையில் சற்றுக் கூடுதல் வலு கிடைக்கும் என்பதே ஓட்டுநர்களின் நியாயம். 1850களின் நடுவில் ஜான் ராம்ஸ்பாட்டம் இதற்கொரு தீர்வு கண்டார். இரண்டு வால்வுகளை ஒரே நெம்புகோலால் இணைத்து, இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் சுருள்வில்லைப் பொருத்தினார். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கத்தின் சுமை குறையும். எனவே ஓட்டுநர் கைவைத்தாலும் அழுத்தத்தை ஏற்ற இயலாது. மனிதரின் கைக்குறும்பை முன்கூட்டியே எண்ணி அமைக்கப்பட்ட கருவிகளில் இது குறிப்பிடத்தக்கது.

அடுத்த மாற்றம் வால்வின் இயல்பையே மாற்றியது. 1860களில் நெய்லர், ரிச்சர்ட்சன் முதலியோர் வால்வுத் தட்டின் விளிம்பை நீட்டி வளைத்து, வெளியேறும் நீராவியே தட்டை மேலும் தூக்குமாறு செய்தனர். அதுவரை சிறிது சிறிதாகக் கசிந்து திறந்த வால்வு, அதன்பின் ‘பட்’டென்று ஒரே வீச்சில் திறக்கத் தொடங்கியது. ‘பாப்’ வால்வு என்னும் பெயர் அவ்வொலியால் வந்தது. சுருள்வில் ஒரு கூட்டுக்குள் மறைந்தது. அதை இறுக்கும் திருகு ஒரு மூடிக்குள் மறைந்தது. மூடியின் மீது ஈய முத்திரை விழுந்தது. கல்லைக் கட்டினால் ஊர் பார்க்கும். திருகை அரைச் சுற்று முறுக்கினால் எவரும் அறியார். வெளிப்படையாக இருந்த பாதுகாப்பு இவ்வாறு முத்திரையின் மீதான நம்பிக்கையாக மாறியது. சோதனை மேசையும் ஆய்வாளரும் இன்றியமையாதோர் ஆயினர்.

சட்டம் வால்வைக் கண்ட விதம்

1863இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்பில் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1864இல் வங்காளத்தின் ஆறாம் சட்டம் பிறந்தது. கல்கத்தா நகரிலும் புறநகரிலும் இருந்த கொதிகலன்களைப் பரிசோதிக்க வகைசெய்த அச்சட்டமே இந்தியாவில் இத்துறையின் தொடக்கம். பிற மாகாணங்களும் தத்தமக்கெனச் சட்டம் இயற்றின. ஏழு சட்டங்களும் ஏழு வகை விதிகளும் ஒன்றோடொன்று முரண்பட்டதால், ஒரு மாகாணத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கொதிகலனை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதே இடர்ப்பாடாயிற்று. 1920இல் அமைந்த கொதிகலன் சட்டக்குழு 1921 மார்ச்சில் அறிக்கை அளித்தது. அதனடியாக 1923இன் ஐந்தாம் சட்டமாக இந்தியக் கொதிகலன் சட்டம் நிறைவேறி, 1924 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விரிவான தொழில்நுட்ப விதிகள் 1950இல் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளாக வெளிவந்தன.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் வியப்புக்குரிய ஒன்று தெரிகிறது. அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தில் திறவாதவாறு காப்பு வால்வைக் குலைப்பவருக்கு 24ஆம் பிரிவு விதித்தது 500 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. ஒதுக்கப்படாத பதிவெண்ணை மோசடியாகக் கொதிகலனில் பொறிப்பவருக்கோ 25ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறை என்றது. எண்ணைப் பொய்யாக்குதல் ஏட்டுக்கு இழைக்கும் துரோகம். வால்வைக் குலைத்தல் உயிருக்கு இழைக்கும் துரோகம். காலனிய நிர்வாகம் முன்னதையே பெரிதாகக் கருதியது எனக் கொள்வதில் தவறில்லை. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகே வால்வைக் குலைத்தலுக்கும் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்னும் நிலை வந்தது. இடைப்பட்ட எண்பத்து மூன்று ஆண்டுகள் சிறிய காலமன்று. 2025இல் புதிய கொதிகலன் சட்டம் பழையதன் இடத்தைப் பெற்றுள்ளது.

சட்டம் வகுத்த சோதனை முறை அழகானது. கொதிகலனின் நெருப்பை முழு வீச்சில் எரியவிட்டு, நீராவி வெளியேறும் முதன்மை வால்வை மூடிவிட வேண்டும். காப்பு வால்வு திறந்து, உருவாகும் நீராவி முழுவதையும் தானே வெளியேற்ற வேண்டும். அழுத்தம் உச்ச வேலையழுத்தத்துக்கு மேல் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது. உருளை வகைக் கொதிகலனில் 15 நிமிடமும், நீர்க்குழாய் வகையில் 7 நிமிடமும் இச்சோதனை நடைபெறும். மேசையில் செய்யும் எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது. ஏன் என்பது பின்னர் விளக்கப்படும்.

நீரால் சுழன்ற ஆலையும் நீராவியால் சுழன்ற ஆலையும்

தாமிரபரணிப் படுகையில் தொழிற்புரட்சி நீராவியோடு தொடங்கவில்லை. ஹார்வி சகோதரர்களின் திருநெல்வேலி மில் 1885இல் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் இயங்கத் தொடங்கியபோது அதைச் சுழற்றியது அருவி நீரின் விசை. அதே குழுமம் தூத்துக்குடியில் 1888இல் தொடங்கிய கோரல் மில்லுக்கு அத்தகைய ஆற்றுவிசை இல்லை. அது நீராவியை நம்பியது. ஆற்றின் தலைமாட்டில் நீர், கடலோரத்தில் நீராவி என்னும் இந்தப் பிரிவு நம் ஆலை வரலாறுகளில் போதிய கவனம் பெறவில்லை. 1908 பிப்ரவரி இறுதியில் வ.உ.சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் அறியாதார் இலர். அவ்வேலைநிறுத்தத்தின் ஆய்வாளர்கள் கூலி, வேலைநேரம், விடுமுறை ஆகியவற்றைப் பேசுகின்றனர். கொதிகலன் அறையில் நெருப்பு அணைந்ததைப் பேசுவோர் இலர். கோரல் மில்லைப் பொறுத்தவரை வேலைநிறுத்தத்தின் முதல் ஒலியின்மை அங்குதான் பிறந்திருக்க வேண்டும்.

இருப்புப்பாதையும் நீராவியைக் கொண்டுவந்தது. 1876இல் திருநெல்வேலியைத் தொட்ட பாதை, 1902இல் கல்லிடைக்குறிச்சி வரையிலும், 1903இல் செங்கோட்டை வரையிலும், 1904இல் மலையைக் குடைந்து புனலூர் வரையிலும் நீண்டது. திருநெல்வேலிக்கு அருகே இத்தடத்தில் அமைந்த ஒரு நிலையம் பேட்டை. எஞ்சின் கொதிகலன்களின் பராமரிப்பு இரயில்வேயின் சொந்தப் பட்டறைகளில் நடந்தது. 1928இல் பொன்மலைப் பணிமனை எழுந்தபின் தென்னிந்திய இரயில்வேயின் பெரும்பணிகள் அங்குக் குவிந்தன. வட்டாரப் பட்டறைகளுக்கு அதில் பங்கில்லை.

1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் செயற்படத் தொடங்கியது. பைக்காரா (1932), மேட்டூர் (1937) ஆகியவற்றுக்குப் பின் தமிழகம் பெற்ற முக்கியமான நீர்மின் திட்டம் இது. ஆலைகளில் நீராவி எஞ்சின்கள் ஓய்வு பெற்றன. இந்த இடத்தில் நம் பாடநூல்கள் ‘நீராவிக் காலம் முடிந்தது, மின்சாரக் காலம் பிறந்தது’ எனப் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றன. உண்மையில் முடிந்தது நீராவியின் ஒரு வேலை மட்டுமே. சக்கரம் சுழற்றும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. சூடேற்றும் வேலை நீராவியிடமே நின்றது. நெல் அவித்தல், சாயமேற்றல், இரசாயனத் தொழில், பால் பதப்படுத்தல் ஆகியன இன்றும் கொதிகலனின்றி நடவா. கொதிகலன் ஆலையின் நடுநாயக இடத்தை இழந்து பின்புறக் கொட்டகைக்குச் சென்றது. அதனோடு அதைக் கவனிக்கும் கண்களும் குறைந்தன.

உமியும் இடைவிட்ட நீராவியும்

கார், பிசானம் என இருபோகம் விளையும் ஆற்றுப்படுகையில் புழுங்கலரிசி ஆலைகள் பெருகியதில் வியப்பில்லை. அவற்றின் கொதிகலன்கள் நூற்பாலைக் கொதிகலன்களோடு ஒப்பிடச் சிறியன. ஆயினும் காப்பு வால்வின் பார்வையில் கடினமானவை இவையே.

நூற்பாலையின் எஞ்சின் காலை முதல் மாலை வரை ஏறத்தாழ ஒரே அளவில் நீராவியை உண்டது. அரிசி ஆலையில் அப்படியன்று. ஊறிய நெல்லின் மீது சில நிமிடங்கள் நீராவியைத் திறந்துவிடுவர். நெல் வெந்ததும் மூடிவிடுவர். அடுத்த கலம் ஆயத்தமாகும் வரை நீராவிக்குத் தேவையில்லை. ஆனால் அடுப்பில் எரிவது உமி. எண்ணெய் அடுப்பைப் போல் திருகி அணைக்க இயலாது. போட்ட உமி எரிந்தே தீரும். தேவை நின்ற அந்த இடைவெளியில் அழுத்தம் ஏறுகிறது, வால்வு திறக்கிறது. பேராலையில் ஆண்டுக்கு ஓரிரு முறை திறந்த வால்வு இங்கு ஒரே நாளில் பன்முறை திறந்து மூட நேரிடும். ஒவ்வொரு திறப்பிலும் நீராவியோடு வரும் துகள்கள் தட்டுக்கும் இருக்கைக்கும் இடையே கீறலிடுகின்றன. மென்மைப்படுத்தாத கிணற்று நீரைப் பயன்படுத்தினால் உப்புப் படிவு வேறு. இவ்வாறு தேய்ந்த வால்வு முழுமையாக மூடாமல் ஒழுகத் தொடங்குகிறது.

ஒழுகும் நீராவி வீணாகும் எரிபொருள். உரிமையாளருக்கு அது பணம். இயக்குபவருக்கு அது ஓயாத இரைச்சல். ஒழுக்கை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. வால்வைக் கழற்றித் தட்டையும் இருக்கையையும் சமன்செய்து தேய்ப்பது ஒன்று. மூடியைத் திறந்து சுருள்வில்லை முறுக்குவது மற்றொன்று. முதலாவதற்கு ஆலையை நிறுத்த வேண்டும். இரண்டாவதற்கு ஒரு திருகுசாவியும் ஐந்து நிமிடமும் போதும். முறுக்கினால் ஒழுக்கு நிற்கும். உடன் திறப்பு அழுத்தமும் ஏறிவிடும். நெம்புகோல் காலத்துக் கல் இப்போது உட்புறம் கட்டப்படுகிறது.

இதன் விளைவு என்ன என்பதை வெப்பவியல் கூறும். 10 கி.கி./ச.செ.மீ. அழுத்தத்தில் கொதிகலனில் உள்ள நீர் ஏறத்தாழ 184 பாகையில் நிற்கிறது. கலம் பிளந்தால் அந்நீரின் ஆறில் ஒரு பங்கு நொடியில் நீராவியாகும். நீராவியாகும் ஒவ்வொரு லிட்டரும் 1,600 மடங்குக்கு மேல் விரியும். கொதிகலனில் ஆபத்து நீராவியில் மட்டுமன்று, அதனடியில் அமைதியாக இருக்கும் வெந்நீரிலேயே பெரும்பகுதி தங்கியுள்ளது.

சோதனை மேசை

திருநெல்வேலி நகரின் மேற்கே தென்காசிச் சாலையில் அமைந்த பேட்டை, பெயருக்கேற்ப வணிகர் குடியேறிய புறநகர். இன்று அங்கு அரசு தொழிற்பயிற்சி நிலையமும், சிட்கோ தொழிற்பேட்டையும், ம.தி.தா. இந்துக் கல்லூரியும் உள்ளன. பேட்டையில் ஒரு தொழிற்பேட்டை என்னும்போது ஊர்ப்பெயர் பொதுப்பெயராகி மீண்டும் ஊருக்குத் திரும்பிய வேடிக்கை புலப்படும். பிட்டர், டர்னர், வெல்டர் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஒருபுறம், பழுது நீக்கும் சிறு பட்டறைகள் மறுபுறம் எனத் தொழிலறிவின் இரு முனைகளும் இவ்வூரில் அருகருகே உள்ளன.

களப்பணியில் இப்பகுதிப் பட்டறை ஒன்றில் கண்ட சோதனை மேசை எளியது. இரும்புச் சட்டத்தின் மீது ஒரு சிறு அழுத்தக் கலம். அதன் மேல் வால்வைப் பூட்டும் தகடு. காற்று அல்லது நைட்ரஜன் உருளையிலிருந்து வரும் குழாய். ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு அழுத்தமானிகள். திரவத்துக்கான வால்வை நீராலும், வாயுவுக்கானதைக் காற்றாலும், நீராவிக்கானதை இயன்றவரை நீராவியாலும் சோதிப்பது முறை. நீராவி வசதியில்லாத மேசையில் காற்றால் சோதிக்கும்போது, சூட்டில் சுருள்வில் சற்றுத் தளரும் என்பதைக் கணக்கிட்டு உற்பத்தியாளர் தரும் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும்.

அழுத்தத்தைத் தொடக்கத்தில் விரைவாகவும், எதிர்பார்க்கும் அளவை நெருங்கியதும் மெதுவாகவும் ஏற்றுகின்றனர். வால்வு முதலில் மெல்லச் சீறும். பின் பட்டென்று திறக்கும். அந்தக் கணத்தில் மானியின் முள் எங்கு நின்றது என்பதே திறப்பு அழுத்தம். ஒருமுறை போதாது, மூன்று முறை திறக்கச் செய்து, அளவுகள் ஒத்துவருகின்றனவா எனப் பார்க்கின்றனர். முதல் முறை 11.4, அடுத்தடுத்து 10.1, 10 என வந்தால், தட்டு இருக்கையோடு ஒட்டிக் கிடந்தது என்பது பொருள். மூன்று முறையும் வெவ்வேறாக வந்தால் தண்டு வளைந்திருக்கலாம், வழிகாட்டியில் துரு இருக்கலாம். எல்லா முறையும் ஒரே அளவில் குறைவாக வந்தால் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். எண்களின் வரிசையே நோய்க்குறி.

ஒழுக்குச் சோதனை இன்னும் நுண்ணியது. திறப்பு அழுத்தத்தின் 90 விழுக்காட்டில் வால்வை நிறுத்தி, அதன் வெளிவாயிலை அடைத்து, ஒரு மெல்லிய குழாயை நீருக்குள் அரை அங்குலம் அமிழ்த்துகின்றனர். நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் வருகின்றன என எண்ண வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 527ஆம் நெறிமுறை, வழக்கமான அழுத்தங்களில் இயங்கும் உலோக இருக்கை கொண்ட சிறுதுளை வால்வுக்கு 40 குமிழிகளையும் பெருந்துளை வால்வுக்கு 20 குமிழிகளையும் எல்லையாகக் கொள்கிறது. வரம்பு மீறினால் தட்டையும் இருக்கையையும் வார்ப்பிரும்புத் தகட்டின் மீது பசை தடவி எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். ‘லேப்பிங்’ என வழங்கும் இவ்வேலையில் பொறியைவிடக் கையே வல்லது. ஒரே திசையில் தேய்த்தால் மேற்பரப்பு சாயும். அழுத்தித் தேய்த்தால் விளிம்பு உருளும். தேய்ப்பவர் விரல்நுனியால் அறிவதைப் பயிற்சி நூல் எதுவும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

மேசை சொல்லாததும் உண்டு. வால்வு திறந்தபின் எந்த அழுத்தத்தில் மீண்டும் மூடும் என்பது, அதை முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு நீராவி தொடர்ந்து பாய்ந்தால்தான் தெரியும். மேசையின் சிறு கலத்தில் அவ்வளவு இருப்பு இல்லை. வால்வு ஒரு குதி குதித்து அடங்கிவிடும். எனவே மூடும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் வளையத்தை மேசையில் காணும் ஓசையைக் கொண்டு திருத்துவது தவறு. அதேபோல் வால்வு கொதிகலனில் பொருந்தியிருக்கும் இடமும் மேசைக்குத் தெரியாது. உள்வரும் குழாய் நீண்டோ குறுகியோ இருந்தால், திறந்தவுடன் வால்வின் வாயில் அழுத்தம் விழுந்து அது மூடும், மீண்டும் திறக்கும். இந்தப் படபடப்பு சில நிமிடங்களில் இருக்கையைச் சிதைத்துவிடும். உள்குழாயில் அழுத்த இழப்பு மூன்று விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்னும் பொறியியல் மரபு இதன் பொருட்டே. மேசையில் மும்முறை தேறிய வால்வு கொதிகலனில் படபடத்தால் குற்றம் வால்வுடையதன்று. ஆயினும் பட்டறைக்கே அது திரும்ப வருகிறது. நெருப்பை முழுதாக எரியவிட்டுச் செய்யும் சட்டச் சோதனைக்கு மேசை ஏன் ஈடாகாது என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு பிழை கொடியது. கொதிகலனின் வலிமையை அறிய நீரழுத்தச் சோதனை செய்யும்போது வால்வு திறந்துவிடாதபடி ஒரு பூட்டுத்திருகால் அதை அழுத்தி வைப்பதுண்டு. சோதனை முடிந்ததும் அதை அகற்ற வேண்டும். அகற்ற மறந்தால், முத்திரையும் சான்றிதழும் முறையாக உள்ள கொதிகலன் காப்பு வால்வே இல்லாத கொதிகலனாகிவிடும்.

வந்த நிலையும் விட்ட நிலையும்

இத்தொழிலின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு மூன்று வகைச் சான்றுகள் உண்டு: அரசின் சட்டமும் விதியும், ஆலையின் கொதிகலன் ஏடு, பட்டறையின் சோதனைப் பதிவேடு. முதலாவது அச்சில் நிலைத்துள்ளது. மற்ற இரண்டும் ஆலை மூடியதும் பழைய தாள் வணிகரிடம் சென்றுவிடுகின்றன. கூட்டுறவு ஆலைகளின் கணக்கேடுகளுக்கு அளிக்கும் மதிப்பில் சிறுபகுதியேனும் கொதிகலன் ஏடுகளுக்கு அளித்து, வட்டார ஆவணக் காப்பகங்கள் அவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர்க்கு அவை கூலிப்பட்டியலுக்குக் குறையாத மூலங்கள். நெருப்பு மூட்டிய நேரம், அழுத்தம் ஏறிய நேரம், வால்வை நெம்பித் திறந்து பார்த்த நாள், கையொப்பமிட்டவர் பெயர் என ஒரு வேலைநாளின் கட்டமைப்பே அவற்றில் உள்ளது.

பதிவேடுகளிலும் ஒரு நுட்பம் காணத்தக்கது. வால்வு பட்டறைக்கு வந்தவுடன், கழற்றாமலும் துடைக்காமலும் அப்படியே மேசையில் ஏற்றி எந்த அழுத்தத்தில் திறக்கிறது எனக் குறிப்பது ‘வந்த நிலை’. பழுது நீக்கித் திருத்தியபின் குறிப்பது ‘விட்ட நிலை’. ஆய்வாளரும் உரிமையாளரும் கேட்பது விட்ட நிலையை. அது இனிவரும் ஆண்டுக்கான உறுதிமொழி. வந்த நிலையோ கடந்த ஆண்டு முழுவதும் அக்கொதிகலன் அறையில் நின்றோர் எத்தகைய பாதுகாப்பில் நின்றனர் என்பதற்கான ஒரே சான்று. 10இல் திறக்க வேண்டிய வால்வு வந்த நிலையில் 13 வரை திறவாதிருந்தால், முறுக்கியவர் யார், எப்போது, எந்த ஒழுக்கை நிறுத்த என்னும் வினாக்கள் எழ வேண்டும்.

கள ஆய்வில் பார்க்கக் கிடைத்த பதிவேடுகள் சிலவற்றில் வால்வின் எண், நாள், விட்ட நிலை அழுத்தம், முத்திரை எண் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. வந்த நிலைக்குக் கட்டமே இல்லை. காரணம் கேட்டபோது கிடைத்த விடை நேர்மையானது: அழுக்கோடு வரும் வால்வை மேசையில் ஏற்றினால் மேசையின் இருக்கை கெடும், ஆகவே முதலில் கழுவிவிடுகிறோம். ஒரு பதிவேட்டில் மட்டும், அச்சிட்ட கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில், பென்சிலால் ஓர் எண் ஒவ்வொரு வரியிலும் எழுதப்பட்டிருந்தது. அது வந்த நிலை அழுத்தம் என்று எழுதியவரே கூறினார். எவரும் கேட்காத எண்ணை ஏன் குறித்தீர்கள் என்றதற்கு, அடுத்த முறை இதே வால்வு வரும்போது எனக்குத் தெரிய வேண்டுமே என்றார்.